இடியின் ஆம்ப்ளிஃபயர்

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் நான் கேட்டதிலேயே பெரிய குரல், குரலே இல்லாத ஒரு மனிதருடையது.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. இடி என்று கேட்டால் டீக்கடைக்காரரிலிருந்து லாரி டிரைவர் வரை கை காட்டுவார்கள். ஒரு மண்டியில் ஏலம் விடுவது அவர் வேலை. தக்காளி விலையைப் பத்திரிகைக்குச் சொல்வது என் வேலை. காலையில் அவர் மைக்கோடு பெட்டிகள் மேல் ஏறுவார். நான் கீழே நிற்பேன். கூரையில் கட்டிய கூம்புக் குழாயிலிருந்து அவர் கர்ஜித்தால் பச்சைக் காயும் பழுத்துவிடும்.

மைக்கை அணைத்தால் இடி வெறும் கொசு. காதை வாயருகே கொண்டுபோனால்தான் கேட்கும். ஒருமுறை விலை படுத்துவிட்ட கோபத்தில் வத்தல்மலை விவசாயி ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "எங்கய்யா அந்த இடி? இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்" என்று இவரிடமே கேட்டார்.

"இப்பதாங்க டீக்குப் போனாரு" என்றார் இடி. விவசாயி டீக்கடைக்கு ஓடினார்.

தன் பலம் எங்கே இருக்கிறது என்று இடிக்குத் தெரியும். ஆம்ப்ளிஃபயரை மண்டியில் விட்டுப் போகவே மாட்டார். துண்டில் சுற்றி, மடியில் வைத்து, டவுன் பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோவார். "பாப்பா தூங்குதுங்களா?" என்று கண்டக்டர் கேட்டால், "ஆமா, மேடு பள்ளம் பாத்து ஓட்டச் சொல்லுங்க" என்பார். வீட்டில் சாப்பிடும்போதும் அது பக்கத்தில் இருக்கும், அதற்கென்று ஒரு பழைய குழாயும் வீட்டில் உண்டு. அடுப்படியிலிருக்கும் மனைவிக்கு இவர் குரல் எட்டாதே! "இன்னொரு களி உருண்டை" என்று மைக்கில் கேட்பார். அந்தத் தெருவில் அவர் வீட்டுக் குழம்பில் உப்பு குறைந்தது எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஆம்ப்ளிஃபயர் ஒருநாள் ஏலத்தின் நடுவே 'டப்' என்றது. மூடியின் ஓட்டைகளிலிருந்து புகை வந்தது. மீதி ஏலத்தை இடி வெறும் வாயால் விட்டார். வியாபாரிகள் அவர் உதட்டைப் பார்த்து விலை கேட்டார்கள்.

மண்டிக்காரம்மா கறாரானவர். "ஏப்பா, நாளைக்கு மைக் பேசணும். ஓசூர்ல ஒரு ஆளு இருக்கான். மைக்கே வேணாம், தொண்டையே போதும். அவனையே வெச்சுக்குவேன், பாத்துக்க."

இடி ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடினார், நானும் கூடப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருந்த மெக்கானிக் மாது, மூடியைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். "போர்டு கருகிடுச்சுண்ணா. ரிப்பேர் பண்ணலாம், ஆனா கேரண்டி இல்ல. புது போர்டு போட்டா இப்பவே எடுத்துக்கிட்டுப் போலாம்."

புது போர்டு உள்ளங்கையில் அடங்கியது. இடிக்கு அவமானமாக இருந்தது. "இத்தனூண்டுலயா என் குரல் வரும்?"

"கண்ணாடி மாதிரி வரும்ண்ணா."

கண்ணாடி மாதிரியே வந்தது. அதுதான் வினை. மறுநாள் காலை குழாயிலிருந்து அத்தனை துல்லியமாக, அத்தனை சன்னமாக, இடியின் சொந்தக் குரல் மார்க்கெட் முழுக்கக் கேட்டது. பெங்களூர் வியாபாரி ஒருவர், "யாரு ஈ மகு?" என்றார், யார் இந்தக் குழந்தை என்று கன்னடத்தில். அதைவிட மோசம், ஏலம் தொடங்கியதே பலருக்குத் தெரியவில்லை. பழைய போர்டில் ஸ்விட்சைத் தட்டினால் முதலில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் எழும். அதைக் கேட்டதும்தான் வியாபாரிகள் டீ கிளாஸைக் கீழே வைப்பார்கள். புது போர்டில் அந்த இரைச்சலும் இல்லை, இடியை இடியாக்கிய கரகரப்பும் இல்லை. ஒரு கிளாஸும் இறங்கவில்லை.

"நாளைக்கு ஓசூர்க்காரன் வரட்டும், நீயும் வா. எது எடுபடுதுன்னு பாப்போம்" என்றார் மண்டிக்காரம்மா.

இடி நேரே மாதுவிடம் வந்தார். "பழைய போர்டையே ரிப்பேர் பண்ணு."

"பண்றேண்ணா. கருகின டிரான்சிஸ்டரை மாத்திட்டு, உப்பிப்போன கண்டன்சரையும் மாத்திட்டா அந்தக் கரகரப்பும் இரைச்சலும் சுத்தமா போயிடும்."

இடி பதறிவிட்டார். "அது போச்சுன்னா நான் போயிட்டேன்! முன்ன எவ்வளவு கெட்டிருந்துச்சோ, அவ்வளவு கெட்டதா ரிப்பேர் பண்ணு."

மாதுவுக்கு ரோஷம் வந்தது. "என்னாண்ணா பேசற? ஃபால்ட்டோட குடுத்தா என் கடை பேரு என்னாவறது?"

"கடை பேரை மைக்கில சொல்ல மாட்டேன்."

அதற்கு மாது மசிந்தார். டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றினார். உப்பிய கண்டன்சர்களைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவைத்தார். மனசு கேட்காமல் நடுவில் ஒன்றை மட்டும் நைசாக மாற்றிப் பார்க்க, இடி 'ஹலோ' என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, "திருடா, நல்லது பண்ணிட்ட பாரு!" என்று கண்டுபிடித்துவிட்டார். பழையது திரும்பவும் ஏறியது. கடைசியாக இடி ஒரு 'ஹலோ' சொன்னார். பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடியில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

மறுநாள் ஓசூர்க்காரர் முதலில் ஏறினார். உண்மையிலேயே நல்ல தொண்டை. குறை சொல்ல முடியாது. வியாபாரிகள் டீயை உறிஞ்சிக்கொண்டு, யோசித்து, நிதானமாக விலை கேட்டார்கள். ஏலத்தில் நிதானம் நுழைந்தால் விவசாயி கதி என்னவாகும் என்று மண்டிக்காரம்மாவின் முகம் காட்டியது.

பிறகு இடி ஏறினார். ஸ்விட்சைத் தட்டினார்.

'ம்ம்ம்ம்.'

அவர் இன்னும் வாயே திறக்கவில்லை. டீ கிளாஸ்கள் வரிசையாகக் கீழே இறங்கின. பெங்களூர்க்காரர் பழக்கதோஷத்தில் கையையே தூக்கிவிட்டார். அதற்கப்புறம் விழுந்த இடியில் ஒருவருக்கும் யோசிக்க நேரமில்லை. பெட்டிகள் பறந்தன, விலை ஏறியது. மண்டிக்காரம்மா, "போதும்ப்பா, காது வலிக்குது, நீயே இரு!" என்று கத்தினார். அது யாருக்கும் கேட்கவில்லை, கையசைப்பில் புரிந்துகொண்டோம். ஓசூர்க்காரர் மேடைக்குக் கீழே வந்து பணிவாக நின்றார்: "அண்ணா, நானும் ஒருவாட்டி அதுல 'ஹலோ' சொல்லிக்கட்டுங்களா?"

ஏலம் முடிந்ததும் இடி மைக்கை அணைத்தார். ஆம்ப்ளிஃபயரைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"நல்லா இருந்துச்சுங்களா, சார்?"

அந்தக் குரலைக் கேட்க ரொம்பப் பக்கத்தில் நிற்க வேண்டும். நான் நின்றிருந்தேன்.