ஜாயிண்ட் தடவும் விரல்

மனிதர்களில் ஜாயிண்ட் தடவுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. அடுக்களை மேடைக்கு வெறும் சிமெண்டு பூசிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் எங்கே இருந்தார்கள், எதைத் தடவிக்கொண்டிருந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. தொண்ணூறுகளில் திருவனந்தபுரத்தில் வீட்டுக்கு வீடு கிரானைட் வந்தது. கூடவே இவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

புதுவீட்டுப் பால்காய்ச்சுக்குப் போனால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? செருப்பைப் பத்திரமான இடம் பார்த்துக் கழற்றிவிட்டு, 'வீடு ஜோராயிருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இட்டலி எந்தப் பக்கம் என்று மூக்கால் விசாரிப்போம். இவர் அப்படியில்லை. பன்னீர் தெளிக்கிற பெண்ணை ஒதுக்கி, பூஜை அறையை ஒதுக்கி, கும்பிட்ட கையோடு எதிரே வந்த வீட்டுக்காரரையும் ஒதுக்கி, நேரே அடுக்களைக்குள் நுழைந்து, இரண்டு கல் சேர்கிற அந்த ஜாயிண்டைக் கண்டுபிடித்து, முதலில் உள்ளங்கையால் தடவி, பிறகு ஆள்காட்டி விரல் நகத்தை அந்த இடுக்கில் வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்து, கடைசியில் கன்னத்தைக் கல்லோடு ஒட்டி ஒரு கண்ணை மூடிப் பார்த்து, நிமிர்ந்து, 'ம்ம்' என்பார். அவ்வளவுதான். வீட்டுக்காரர் வந்தவர்களை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே நடப்பார்.

என்ன அண்ணாச்சி என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். மறுபடி கேட்டால், யார் வேலை என்பார். பெயரைச் சொன்னால், 'அவனா?' என்பார். அதற்குமேல் கழுத்தைப் பிடித்து நெரித்தாலும், "நல்ல நாளும் அதுவுமா நான் எதுக்குச் சொல்லுகேன்?" என்று சொல்லிவிட்டு, ஈரம் இறங்கும், எறும்பு ஏறும், கரப்பான் குடும்பத்தோடு வரும் என்று சொல்லாமல் விடமாட்டார்.

சாலை பஜார்க் கடைக்காரர்களுக்குக் கணக்குப் பார்த்துவந்த கல்யாணராமன் இந்த இனத்தில் முதல் தரம். செல்லபாய் டீச்சர் வீட்டுப் பால்காய்ச்சில், ஜெபம் முடிந்து பால் பொங்கியபோது எல்லாரும் பாலைப் பார்த்தோம். இவர் மட்டும் மேடைக்குக் கீழே குத்தவைத்து உட்கார்ந்து, தலையை உள்ளே நீட்டி, வழிந்த பால் ஜாயிண்ட் வழியாக இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். 'சொட்டுது' என்று உள்ளேயிருந்தே அறிவிப்பும் வந்தது. ஆசை ஆசையாய்க் கட்டிய அடுக்களை. டீச்சர் முகம் வாடிப்போயிற்று. மறுவாரமே ஜாயிண்டைச் சுரண்டி வேறு பசை அடைத்தார்கள். கறுப்புக் கல்லில் பற்பசை அப்பினமாதிரி ஆயிற்று. கல்யாணராமன் வந்து பார்த்து, முதலில் இருந்ததே தேவலை என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்தார்.

அப்பேர்ப்பட்டவர் நேமத்தில் சொந்தவீடு கட்டினார். அவர் விரல் பட்ட வீட்டுக்காரர்கள் எல்லாரும் நகம் வெட்டாமல் காத்திருந்தார்கள்.

அவர் மனைவி செண்பகவல்லி அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. வாடகை வீடுகளில் சுவரைப் பார்த்தே சமைத்தவள். ஜன்னல் பக்கம் திரும்புகிற 'எல்' வடிவ மேடை வேண்டும் என்றாள். திரும்பினால் ஜாயிண்ட் வரும் சாரே என்றான் கல் பதிக்கிற ஷைஜு. அப்படியானால் திரும்பவே வேண்டாம் என்றார் கல்யாணராமன். சுவர் ஓரமாக நேர்மேடை, ஒரே கல், ஊரில் எவன் விரலுக்கும் வேலை இருக்கக் கூடாது.

கல் வந்தது. நல்ல நீளம். அடுக்களைக்குப் போகிற நடையில் ஒரு திருப்பம் இருந்தது. அங்கே வந்து கல் நின்றுவிட்டது. சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள், கதவு நிலையைக்கூடக் கழற்றினார்கள். கல் அசையவில்லை. சுவரை இடிக்கலாமா என்று கல்யாணராமன் யோசித்துக்கொண்டிருந்தபோது, செண்பகவல்லி சாக்கட்டியோடு வந்து கல்லின் குறுக்கே ஒரு கோடு கிழித்தாள்.

"ஷைஜு, இங்கன வெட்டு. சின்னத் துண்டை ஜன்னல் பக்கம் போடு."

"ஜாயிண்ட் வருமேட்டி!"

"வரட்டும். அங்க நின்னு சமைக்கப்போறது உங்க விரலா, நானா?"

வெட்டினார்கள். ஜாயிண்ட் வந்தது. அப்புறம் அவர் பட்ட பாடு! கல்லின் நிறம் வரப் பசையில் சாயங்களைத் தாமே கலக்கப் புகுந்து, ஷைஜுவின் கையைத் தட்டித் தட்டி விட்டார். கடைசியில் கலவை தப்பி, கோடு செம்பழுப்பாய்ப் பளிச்சென்று தெரிந்தது. அதன்மேல் மிக்ஸியை வைத்து மறைத்தார். செண்பகவல்லி எடுத்தாள். வாழைத்தாரை வைத்தார். அதையும் எடுத்தாள்.

பால்காய்ச்சுக்கு அழைத்தவர், அழைக்காதவர் எல்லாரும் வந்துவிட்டார்கள். செல்லபாய் டீச்சர் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றார். பால் பொங்கியது. பெண்கள் இட்ட குரவை பாதியில் நின்றது. வழிந்த பால் மெல்ல ஓடி, ஜாயிண்ட் ஓரம் சற்றுத் தயங்கி, உள்ளே இறங்கியது. டீச்சர் குனிந்தார். நான் குனிந்தேன். ஊரே குனிந்தது. கல்யாணராமன் மட்டும் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கீழே, சொட்டுகிற இடத்துக்கு நேராக, ஒரு வெள்ளி டம்ளர் இருந்தது.

முதல்நாளே தண்ணீர் ஊற்றிப் பார்த்து இடம் கண்டுபிடித்து செண்பகவல்லி வைத்தது. அவள் அதை எடுத்துப் புருஷனிடம் நீட்டினாள்.

"ஊர்ப்பட்ட வீட்டுல தேடுனேளே. இது நம்ம வீட்டுது. குடியுங்கோ."

குடித்தார். வேறென்ன செய்வார்? டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "எப்படியிருக்கு அண்ணாச்சி?"

அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ம்ம்."

அன்றைக்கு அடுக்களையில் எழுந்த சிரிப்பில் பால் இரண்டாம் முறை பொங்கியதை யாரும் கவனிக்கவில்லை. செண்பகவல்லி இப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சமைக்கிறாள். ஜாயிண்டில் எறும்பும் உண்டு, அவளுக்கு அதுபற்றிக் கவலை இல்லை.

நீங்களும் சிரித்தீர்கள், சந்தோஷம். ஆனால் இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டு மேடையை ஒருமுறை தடவிப் பார்க்கத்தான் போகிறீர்கள். பாருங்கள், அதில் தப்பில்லை. அடுத்த வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போகும்போதும் விரல் துருதுருத்தால் மட்டும் ஒரு காரியம் செய்யுங்கள். கையோடு ஒரு டம்ளர் கொண்டுபோங்கள்.