பூவாளிக்கு விழுந்த என் வாக்கு

நான் தேர்தலில் தோற்றதை இப்போது யாரிடமும் வெட்கப்படாமல் சொல்வேன். யாருக்கு வாக்களித்தேன் என்பதைச் சொல்லத்தான் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

நிலாவெளிக் கரையில் மீன் விற்கும், கருவாடு போடும் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கிடையாது. விடியற்காலையில் வருபவர்கள் மத்தியானம் வீடு போகும்வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். அதற்காக மூன்று வருடம் மனு எழுதினேன். எல்லா அலுவலகத்திலும் கதிரை தந்து இருக்கச் சொன்னார்கள். கழிப்பறை மட்டும் வரவில்லை. கடைசியில் பிரதேச சபைத் தேர்தலில் சுயேச்சையாக நானே நின்றேன். சின்னம் கேத்தல், தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் மூக்குப் பாத்திரம்.

வீடு வீடாகப் போய் மாதிரி வாக்குச்சீட்டை விரித்து, "அக்கா, கேத்தலுக்கு நேரே புள்ளடி போடுங்கோ. பக்கத்தில பூவாளி இருக்கு, ஏமாந்து போகாதேங்கோ" என்று பாடம் எடுத்தேன். (பூவாளி, ஐஸ் வியாபாரி ரகுமான் நானாவின் சின்னம்.)

வாக்களிக்கும் நாளில் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். அது இல்லாவிட்டால் ஐந்து வயது குறைவாகத் தெரிவேன் என்று எண்ணம். (அப்படித் தெரியவில்லை. எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.) சீட்டில் நீண்ட மூக்கு ஒன்று மங்கலாகத் தட்டுப்பட்டது. மனதுக்குள் பிள்ளையாரைக் கும்பிட்டு, அழுத்தமாகப் புள்ளடி போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார்.

"எத்தினையாவது இடத்தில போட்டனீர்?"

"மூண்டாவதில."

அவர் மாதிரிச் சீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கேத்தல் நாலாவதெல்லோ?"

ரகுமான் நானா வென்றார். என் ஒரு வாக்கால் அல்ல. அப்படிச் சொல்லித் தப்பக்கூட இடம் வைக்காமல் வென்றார்.

அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். "பகிடி விடாதீங்க தங்கச்சி" என்றார். என் முகத்தைப் பார்த்தபின் மனைவியைக் கூப்பிட்டு, மறுபடியும் சொல்லச் சொன்னார். இருவரும் சிரித்து முடியும்வரை காத்திருந்தேன்.

"சிரிச்சது காணும் நானா. உங்களுக்கு வோட்டுப் போட்டவள் கேக்கிறன், கழிப்பறை எப்ப வரும்?"

மறுநாளே கரை முழுக்கக் கதை பரவிவிட்டது. எப்படியும் மானம் போய்விட்டது, இனி என்ன பயம் என்று வாரம் தவறாமல் அவர் வீட்டுக்குப் போனேன். அவராலும் என்னைத் துரத்த முடியவில்லை. சொந்த வாக்காளர் அல்லவா! சபையில் எழுந்து எழுந்து சண்டை பிடித்தார். மாரி தொடங்குமுன், தண்ணீர்க் குழாயோடு இரண்டு கழிப்பறைகள் வந்தன.

திறப்பு நாளில், கருவாடு போடும் செல்லம்மாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"அடுத்த முறையும் நீ எலெக்சன் கேள் பிள்ளை. நாங்கள் எல்லாரும் உனக்குத்தான் போடுவம்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா நீ மட்டும் அவருக்கே போடு. அப்பத்தான் வேலை நடக்கும்."

வீட்டுக்கு யார் வந்தாலும், தேநீர் வருவதற்கு முன்பே என் கணவர் இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறார்.