மனுதாரர் டியூக், தகப்பனார் பெயர் சுல்தான்

எர்ணாவூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ‘டி’ பிளாக்கின் வரலாற்றை எழுதப்போகும் அறிஞர் பெருமக்கள், காலத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளும்படி இப்போதே கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்: நாய்க்கு முன், நாய்க்குப் பின். சுருக்கமாக நா.மு., நா.பி. எல்லைக்கோடு, இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு ஜூலை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று மாலை குணசேகரன் கம்பெனியிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், அடுப்படியில் இருந்த மனைவி கெங்கம்மாவிடம் அறிவித்தான்:

“கெங்கு, நம்ம வூட்டுக்கு டியூக் வரான்.”

“யாருய்யா அது? துன்னுட்டு வருவானா, இங்க வந்து துன்னுவானா?”

கெங்கம்மாவின் கேள்வியில் தவறில்லை. அவள் காலையிலிருந்து காசிமேட்டு மீன் ஷெட்டில் எறா உரித்துவிட்டு வந்து, நாலு பேருக்கு உலை வைத்திருந்தாள். ஐந்தாவது ஆள் என்றால் அரிசி இப்போதே போட வேண்டும்.

“நாய்க்குட்டிடி! கிரேட் டேன்! ஜி.எம். வூட்டு நாய் ஒம்போது குட்டி போட்டுகீது. இருவது வருஷம் சர்வீஸ் போட்டவனுக்கு இந்த வருஷம் கம்பெனி பரிசு அதான்.”

குணசேகரன் டைம் கீப்பராக இருந்த அந்த பெயின்ட் டப்பா கம்பெனி, அதற்கு முந்தைய ஆண்டுவரை இருபது வருட ஊழியர்களுக்குச் சுவர்க்கடிகாரம் கொடுத்து வந்தது. கடிகாரம் வாங்கியவர்கள் சரியாக ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள் என்று நிர்வாகம் கண்டறிந்தது. நாய்க்கு மணி தெரியாது. தவிர, விசுவாசம் என்றால் என்ன என்று ஊழியர்கள் வீட்டிலேயே பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் குட்டி எல்லா வீட்டுக்கும் வந்துவிடாது. ‘தகுதியான இல்லம்’ வேண்டும். அதற்காக ஜி.எம்.மின் மனைவி ஜெயஸ்ரீ மேடம் தம் கையாலேயே தயாரித்த ஜெராக்ஸ் இரண்டு பக்கம் இருந்தது. ‘பெரிய இன நாய்க்குட்டியை வரவேற்க வீட்டை எப்படித் தயார் செய்வது’ என்று பதினாலு கட்டளைகள், இங்கிலீஷில். பதினைந்து நாள் கழித்து மேடமே வந்து வீட்டைப் பார்ப்பார். கூடவே குட்டியின் பிறப்புச் சான்றிதழ் நகல், மூன்று சீல்களோடு.

இங்கிலீஷ் என்றால் ‘டி’ பிளாக்கில் ஒரே விலாசம்தான். மேல்மாடி வீட்டு இக்னேஷியஸ், துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கெங்கம்மா வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, பிரசங்கம் போல வாசித்துத் தமிழும் சொன்னார்.

“ஒண்ணு. குட்டிக்கு அமைதியான தனி ரூம் வேணும்.”

குணசேகரன் சுற்றிப் பார்த்தான். ஒரே அறை, ஒரு சமையல் மூலை. மகள் மகிழினி கட்டிலுக்கு அடியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அங்கேதான் காலியாக இடம் இருந்தது. “கட்டிலுக்கு அடியில வெச்சிக்கலாம். மகி, நீ வராண்டாவுக்குப் போய்க்கோ.”

“ரெண்டு. மெத்துனு படுக்கை. தரையில படுத்தா முட்டி காச்சுப்பூடும்.”

“யாருக்கு?” என்றாள் கெங்கம்மா. அவள் முட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“குட்டிக்கும்மா. மூணு. ஒரு வயசு ஆகுற வரைக்கும் மாடிப்படி ஏறவே கூடாது. எலும்பு வீக்காய்டும்.”

“அதுக்கு இன்னா, நான் தூக்கினு ஏறுறேன்,” என்றான் குணசேகரன். அவன் எடை ஐம்பத்தொரு கிலோ. குட்டி ஒரு வயதில் ஐம்பத்தைந்து கிலோ இருக்கும் என்று இரண்டாம் பக்கத்தில் போட்டிருந்தது.

“மகி வயித்துல இருக்கச்சொல்ல ஒம்போதாம் மாசம் வரைக்கும் ரெண்டு குடம் தண்ணி தூக்கினு இதே படி ஏறுனேன். அப்போ நீ எங்கய்யா இருந்த?”

“டூட்டில இருந்தேன். அண்ணாத்தே, நீங்க படிங்க.”

“ஆறு. முக்கியமானதுன்னு கோடு போட்டுக்கீது. தரையும் சுவரும் எப்பவும் காஞ்சு இருக்கணும். ஈரத்துல வழுக்கினா இடுப்பு எலும்பு போய்டும். கழிவுத் தண்ணிய நக்கிட்டா உசுருக்கே...”

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து இக்னேஷியஸின் மனைவி அடைக்கலமேரியின் குரல் வந்தது: “கெங்கம்மோவ்! தண்ணி ஊத்தப் போறேன்!”

கெங்கம்மா ஒரே பாய்ச்சலில் அடுப்படிக்குப் போய், சோற்றுப் பானையை ஒரு பக்கமும் மாவுச் சட்டியை மறுபக்கமும் நகர்த்தி, நடுவில் பிளாஸ்டிக் பக்கெட்டை வைத்தாள். வைத்த நொடியில் மேலேயிருந்து சளசளவென்று இறங்கியது.

இதை விளக்க வேண்டும். மேல்மாடி வீட்டுக் கக்கூஸிலிருந்து கீழிறங்கும் குழாய், கெங்கம்மாவின் அடுப்படி மூலையில் வாயைப் பிளந்து ஆறு வருடமாகிறது. மேலே தண்ணீர் ஊற்றினால் பாதி போக வேண்டிய இடத்துக்குப் போகும், பாதி கெங்கம்மாவுக்கு வரும். இரண்டு குடும்பங்களும் சண்டை போடவில்லை. நாகரிகமான ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. மேலே ஊற்றுமுன் குரல் கொடுக்க வேண்டியது. கீழே பானையை நகர்த்த வேண்டியது. ஆறு வருடத்தில் குரல் கொடுக்காமல் ஊற்றியது ஒரே ஒரு நாள். இக்னேஷியஸுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

குணசேகரன் எழுந்து போய் மேலே பார்த்தான். சுவரில் பச்சையும் கறுப்புமாகப் படர்ந்திருந்ததையும் பார்த்தான்.

“இன்னா கெங்கு இது, ஒழுவுது?”

கெங்கம்மா நிரம்பிய பக்கெட்டை ஓரமாக நகர்த்தினாள்.

“எத்தினி நாளா?”

“சின்னவன் நிலவன் பொறந்ததுலேர்ந்து. அவன் இப்போ ஒண்ணாவது போறான்.”

“குட்டி நக்கிடும்டி! செத்துப்பூடும்!”

மகிழினிக்கு அந்தச் சுவர் ஈரத்தால் ராத்திரியில் இழுப்பு வரும். நிலவன் தவழ்ந்த காலத்தில் அந்தத் தரையை எத்தனை முறை நக்கினான் என்று கணக்கே இல்லை. இதையெல்லாம் கெங்கம்மா சொல்லவில்லை. ஒரு கணவனுக்கு ஆறு வருடம் கழித்துக் கண் திறந்திருக்கிறது. நடுவில் பேசிக் கெடுத்துவிடக் கூடாது.

அவள் சும்மா இருந்தவளும் அல்ல. குடியிருப்புப் பராமரிப்புப் பிரிவு அலுவலகத்துக்கு இதுவரை பதினோரு மனு கொடுத்திருந்தாள். எல்லாம் இக்னேஷியஸ் எழுதியவை. அலுவலகத்தின் கடமையுணர்ச்சியைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு மனுவுக்கும் தவறாமல் கார்டில் பதில் வந்தது: “தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.” பதினோரு கார்டையும் கெங்கம்மா மாவுச் சட்டிக்கு மூடியாக வைத்திருந்தாள்.

“பன்னெண்டாவது எழுதிடுவோமா?” என்று பேனாவை எடுத்தார் இக்னேஷியஸ். “மனுதாரர், கெங்கம்மா, கணவர் பெயர்...”

“அண்ணாத்தே, நிறுத்துங்க. என் பேர் வேணாம். நாய் பேர்ல எழுதுங்க.”

இக்னேஷியஸ் பேனாவைக் கீழே வைத்தார். “அதெப்படிம்மா? மனுன்னா ஒரு முறை கீது. பேர் வேணும், தகப்பனார் பேர் வேணும், வயசு, தொழில்...”

கெங்கம்மா சான்றிதழை நீட்டினாள். இக்னேஷியஸ் படித்தார். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது.

“பேர் டியூக். அப்பா சுல்தான். தாத்தா பேரு கீது, தாத்தாவோட அப்பா பேரும் கீது! நம்ம பிளாக்லயே நாலு தலைமுறை பேர் தெரிஞ்ச ஒரே ஆளு இவன்தாம்மா!”

வயது: நாற்பத்தொரு நாள். தொழில்: காவல். குறை: உறைவிடத்தில் கழிவுநீர்க் கசிவு. இணைப்பு: மூன்று சீல் வைத்த சான்றிதழ்.

மனு திங்கட்கிழமை போனது. புதன்கிழமை காலை, பராமரிப்பு மேற்பார்வையாளர் வேதமாணிக்கம், வரலாற்றில் முதல் முறையாக, ‘டி’ பிளாக் படியேறி வந்தார். கையில் ஃபைல். நெற்றியில் வியர்வை.

“டியூக் வூடு இதானா?”

“இதான் சார். உள்ள வாங்க,” என்றாள் கெங்கம்மா.

“மனுதாரர் இருக்காரா?”

“பால் குடிக்கிற வயசு சார். அம்மா கூட கீறாரு. வூடு ரெடியானா வந்துடுவாரு.”

வேதமாணிக்கம் குழாயைப் பார்த்தார். உச்சுக் கொட்டினார். “சேச்சே. இந்த இடத்துல ஒரு உயிர் எப்படிம்மா இருக்கும்?”

“அதான் சார், நாங்களும் யோசிச்சுகினே கீறோம்.”

“ஏன் முன்னாடியே சொல்லல?”

கெங்கம்மா மாவுச் சட்டியிலிருந்து பதினோரு கார்டையும் எடுத்துக் கொடுத்தாள். அவர் அவற்றில் தன் கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, மனம் விட்டுப் பேசினார்:

“தப்பா நெனைக்காதம்மா. மனுஷன் விஷயம்னா ஆபீஸோட முடிஞ்சிடும். நாய் விஷயம்னா அந்தம்மா, இந்தம்மான்னு யாராவது கிளம்பி, பேப்பர்ல போட்டோ வந்துடும். போட்டோவுல நாய் மூஞ்சி எப்பவும் பாவமா இருக்கும்.”

வியாழக்கிழமை இரண்டு ஆட்கள் வந்தார்கள். ஆறு வருடப் பிரச்சினை, அவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவதற்குள் முடிந்தது. சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்துவிட்டுப் போனார்கள். போகும்போது வேதமாணிக்கம் ஒரு விதியைச் சொன்னார்:

“அடுத்த வாரக் கடைசியில வருவேன். பயனாளியோட ரேகை வாங்கி ஃபைலை மூடணும். பயனாளி இல்லேன்னா ‘பணி நோக்கம் நிறைவேறவில்லை’ன்னு எழுதி, குழாயைக் கழட்டிடணும். ரூல் அப்படி.”

அடுத்த புதன்கிழமை ஜெயஸ்ரீ மேடம் வந்தார். குணசேகரன் லுங்கியைத் துறந்து பேன்ட் போட்டிருந்தான். கட்டிலுக்கு அடியில் போட்ட வீட்டின் ஒரே மெத்தையில், சுத்தமான போர்வையின் மேல், குட்டி குனியாமல் தின்ன, தட்டு ஒன்று செங்கல் மீது உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. மேடம் சுவரைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. தரையைப் பார்த்தார். பளபளத்தது. குணசேகரன் பேன்ட்டை மேலே இழுத்து விட்டுக்கொண்டான்.

“எல்லாம் நல்லா இருக்கு. எத்தனை பேர் இருக்கீங்க?”

“நாலு பேர் மேடம்.”

“இந்த ஒரே ரூம்லயா?”

“ஆமா மேடம்.”

“ஐயோ பாவம்,” என்றார் மேடம். அவர் கண்ணில் உண்மையாகவே நீர் துளிர்த்தது. குணசேகரன் நெகிழ்ந்துபோனான். இருபது வருடத்தில் கம்பெனித் தரப்பிலிருந்து அவனுக்குக் கிடைத்த முதல் அனுதாபம்.

“குட்டிக்கு மூச்சு முட்டிடும்,” என்று முடித்தார் மேடம்.

காரிலிருந்து டிரைவர் ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

குணசேகரன் மெத்தையருகே உட்கார்ந்துவிட்டான். கெங்கம்மாவுக்கு அவனைத் தேற்ற நேரமில்லை. அவள் கண் புதுக் குழாயின் மேல் இருந்தது. “யோவ், வெள்ளிக்கிழமை அந்தாளு வருவான். நாயி எங்கம்பான். குழாயைக் கழட்டினு பூடுவான்யா!”

“நாயே இல்லடி. இன்னா பண்றது?”

“ஏன் இல்ல?”

‘டி’ பிளாக் வாசலில் ஒரு நாய் உண்டு. பெயர் கிடையாது. ஒரு காதும் கிடையாது. எட்டு வயதிருக்கும். கெங்கம்மா ஷெட்டிலிருந்து கொண்டுவரும் எறாத் தலைகளை நம்பி வாழும் ஜீவன். வெள்ளிக்கிழமை அது குளிப்பாட்டப்பட்டு, மெத்தைமேல் உட்கார்த்தப்பட்டது. ஐந்து நிமிடத்துக்கொரு முறை சந்தேகத்தோடு கெங்கம்மாவைப் பார்த்தது.

வேதமாணிக்கமும் சந்தேகத்தோடுதான் பார்த்தார். “இதுவா கிரேட் டேன்?”

“கொயந்த சார். வளரும்.”

“சான்றிதழ்ல கறுப்புன்னு போட்டுக்கீது. இது செவலையா கீதே?”

“எண்ணூர் காத்து சார்,” என்றார் வாசலில் நின்ற இக்னேஷியஸ், மிகுந்த வருத்தத்தோடு. “இங்க புதுசா அடிச்ச பஸ் பெயின்ட்டே ஆறு மாசத்துல வெளுக்குது. நாயி எம்மாத்திரம்?”

வேதமாணிக்கம் ஃபைலைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். குழாயைக் கழற்ற வேண்டுமென்றால் தனி ஃபைல் போட வேண்டும், ஆள் கேட்க வேண்டும், கழற்றியதற்கு மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். அவர் ஸ்டாம்ப் பேடைத் திறந்தார்.

“இடது கைப் பெருவிரல்,” என்றார்.

நாயின் இடது முன்னங்கால் நீல மையில் தோய்ந்து, ‘பயனாளி’ என்ற இடத்தில் பதிந்தது. “டியூக், சுல்தானின் மகன், நேரில் கண்டேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் வேதமாணிக்கம். நாய் இறங்கிப் போய், வழக்கமான இடத்தில் படுத்து, நீலக் காலை நக்கிக்கொண்டது.

குணசேகரன் அன்று சாயந்திரம் அடுப்படிச் சுவரில் ஆணி அடித்துக் கடிகாரத்தை மாட்டினான். ஈரச் சுவரில் ஆறு வருடமாக ஆணி நின்றதே இல்லை. “நல்லாத்தான் கீது, இல்ல?” என்றான்.

“மணி கரீட்டா காட்டுது,” என்றாள் கெங்கம்மா. மேலேயிருந்து அடைக்கலமேரி பழக்கதோஷத்தில், “கெங்கம்மோவ்! ஊத்தப் போறேன்!” என்றாள். கெங்கம்மா பானையை நகர்த்த எழுந்து, பிறகு உட்கார்ந்தாள்.

செய்தி பிளாக்கில் பரவ ஒரு நாள் ஆயிற்று. இக்னேஷியஸின் வீட்டு வாசலில் வரிசை நின்றது. ஹபீபுல்லா வீட்டுக்கு ஜன்னல் கதவு வேண்டும், மனுதாரர் டைகர். சொக்கம்மாள் வீட்டுக் கூரை பெயர்ந்து விழுகிறது, மனுதாரர் சீசர். ஒவ்வொரு வேலை முடிந்ததும் வேதமாணிக்கம் வந்து ரேகை வாங்கினார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காதில்லாத, நீலக் கால் கொண்ட ஒரு செவலை நாய் மெத்தையில் உட்கார்ந்து அவரை வரவேற்றது. அவரும் ஒவ்வொரு முறையும் “நேரில் கண்டேன்” என்றே எழுதினார்.

ஆண்டிறுதி அறிக்கையில், ‘டி’ பிளாக்கில் வசிக்கும் முப்பத்திரண்டு உயர் இன நாய்களின் வாழ்க்கைத் தரம் வியக்கத்தக்க அளவில் உயர்ந்திருப்பதாக அலுவலகம் பெருமிதத்தோடு குறிப்பிட்டது.

ஜனவரியில் கெங்கம்மாவுக்கு ஒரு கார்டு வந்தது. அவள் பெயரில் கொடுத்த பதினோராவது மனு இன்னும் பரிசீலனையில் உள்ளது.