ஒன்பதாம் படத்துக்கு ஒரு மன்னிப்பு

"இந்தப் படத்தை எடுத்தவர் கேமராவை யாருக்காவது கொடுத்துவிட்டு நல்லதாக ஒரு குடை வாங்கிக்கொள்ளலாம். மழைக்காவது..." என்று வாசித்த நோலீன், அதற்கு மேல் வாசிக்கவில்லை.

துண்டுச்சீட்டை மடியில் கவிழ்த்தார். கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் இரண்டும் குலுங்கின. நாங்கள் இருபத்தாறு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து, தேநீர் போடும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்றாவது வரிசையில் இருந்த நெவில் டோல்ஹர்ஸ்டுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. அந்தச் சீட்டை எழுதியவர் அவர்தான்.

எங்கள் கேமரா சங்கத்தில் படங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். எது யாருடைய படம் என்று பட்டியலை வைத்திருக்கும் நோலீனுக்கு மட்டும் தெரியும். திரையில் படம் வரும், உறுப்பினர்கள் பெயர் போடாமல் கருத்து எழுதுவார்கள், நோலீன் வாசிப்பார். கடைசி ஓட்டெடுப்புக்கு முன்னால் ஒரு படம் இன்னாருடையது என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், அந்தப் படம் போட்டியிலிருந்தே நீக்கப்படும். இந்த விதி எதற்கென்றால், டாஸ்மேனியாவின் இந்த மூலையில் எல்லோரும் எல்லோருக்கும் வேண்டப்பட்டவர்கள். பெயர் தெரிந்தால் ஒருவனும் உண்மையைச் சொல்ல மாட்டான்.

நெவில் உண்மையைத்தான் சொல்லியிருந்தார். இந்த வருடத் தலைப்பு 'காற்று'. ஒன்பதாம் எண் படத்தில் கடல் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது, ஒரு கடற்காக்கையின் பின்பாதி தெரிந்தது, மற்றதெல்லாம் சாம்பல் நிறக் கலங்கல். பதினோரு வருடமாக ஆண்டுக் கோப்பைக்கு ஏங்கி, ஒருமுறைகூட மூன்றாம் இடத்தைத் தாண்டாத மனிதருக்கு அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இந்தமுறை கோப்பை தனக்குத்தான் என்று அவர் நம்பியிருந்தார். மூன்று விடியற்காலை குளிரில் நின்று கலங்கரை விளக்கத்தைப் படமெடுத்திருந்தார். கடைசி நாள் கேமராவை அணைக்காமலே கழுத்தில் மாட்டிக்கொண்டு வீடு திரும்பியிருந்தார். அவருக்கும் கணினிக்கும் ஆகாது என்பதால் அனுப்பி வைத்தது மனைவி லோர்னா. "கடைசியா எடுத்தது எதுவோ அதை அனுப்பிட்டேன், போதுமா?" என்று லோர்னா கேட்டதும் அவருக்கு நிம்மதியாக இருந்தது. பாதிப் படங்கள் இந்த மாதம், மீதிப் பாதி அடுத்த மாதம். தன் கலங்கரை விளக்கம் அடுத்த மாதம் வரும் என்று இருந்தார்.

ஆனால் இப்போது சமையலறைக் கதவு சாத்தியிருந்தது.

"ஒன்பது நோலீனோட படம்தான்," என்று வீட்டுக்கு வந்ததும் நெவில் சோபாவில் சரிந்தார். "நான் ஒரு மிருகம், லோர்னா."

"அவ பேரு அதுல இருந்துச்சா?"

"பேரு எதுக்கு? அழுதுட்டே ஓடினாளே. என் கையெழுத்தும் அவளுக்குத் தெரியும். என் கடை வாசல் பலகையில ஊரே பாக்குது."

"அப்ப போய் மன்னிப்புக் கேளு."

"எப்படிக் கேக்கறது? உன் படம்னு வாயத் தொறந்தா படத்தையே நீக்கிடுவாங்க. அவமானப்படுத்தினதும் இல்லாம போட்டியில இருந்தும் தள்ளிவிட்டவனா ஆயிடுவேன்."

லோர்னா தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார். அன்று கால்பந்து இறுதிச்சுற்று.

நெவில் அன்றே ஒரு வழி கண்டுபிடித்தார். இடது கையால் இன்னொரு சீட்டு எழுதினார். 'ஒன்பதாம் படத்தைப் பார்த்து நான் கண்கலங்கினேன். இதை எடுத்தவர் ஒரு மேதை.' மறுநாள் காலையில், நோலீன் வேலை பார்க்கும் நூலகத்தில் புத்தகம் திருப்பிப் போடும் பெட்டிக்குள் அதைத் தள்ளிவிட்டு, திருடனைப்போல் சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டே நடந்தார்.

சங்கத்துக்கு வரும் கருத்து எதுவானாலும் மாதமடலில் அச்சாக வேண்டும் என்பது இன்னொரு விதி. நோலீன் விதி தவறாதவர். வெள்ளிக்கிழமை மடல் வந்தது. சனிக்கிழமை காலை சங்கத் தலைவர் மெர்வ் மடலைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நெவிலின் ஹார்டுவேர் கடைக்குள் நுழைந்தார்.

"பாத்தியாய்யா இந்தக் கூத்தை? மேதையாம். கண்கலங்கிட்டாராம்."

"யாரோ ரசிச்சு எழுதியிருக்காங்க," என்றார் நெவில், திருகாணிகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டு.

"ரசிச்சாவது? அந்தப் படத்த எடுத்த ஆளே தனக்குத்தானே எழுதிக்கிட்டது. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். வெக்கம் மானம் இல்லாத ஜென்மம். கோப்பை குடுக்கற அன்னிக்குப் பட்டியலப் பிரிப்போம்ல, அப்ப யாருன்னு தெரியும். அதுக்கப்புறம் அந்த ஆள் இந்த ஊர்ல தலை காட்ட முடியுமா?"

நெவில் திருகாணிகளைக் கீழே வைத்தார். அழவைத்தது போதாது என்று, தன்னையே புகழ்ந்துகொண்டவள் என்ற பட்டத்தையும் அந்தப் பெண்ணுக்கு வாங்கிக் கொடுத்தாயிற்று. அதைத் துடைக்க ஒரே வழிதான் இருந்தது.

"மெர்வ், அதை எழுதினது நான்."

மெர்வ் வாயைப் பிளந்தார். "நீயா? அந்தக் கோணல் படத்துக்கா?"

"கோணல்தான்யா விஷயமே. தலைப்பு என்ன? காற்று. காத்தடிச்சா மனுஷன் நேரா நிக்க முடியுமா? கடலையே சாய்ச்சிடுச்சு பாரு. காக்கையோட முன்பாதி எங்க? காத்து கொண்டுபோயிடுச்சு."

சொல்லச் சொல்ல நெவிலுக்கே வியப்பாக இருந்தது. மெர்வ் தாடையைச் சொறிந்தார். "நீ சொல்லும்போது அப்படித்தான் தெரியுது. எனக்கு இதெல்லாம் தோணவே இல்லையே."

"பதினோரு வருஷமாப் படமெடுக்கறேன். எனக்குத் தெரியாதா?"

அன்றிலிருந்து அந்தக் கடையில் ஆணி வாங்கப் போனவர்கள்கூட ஒன்பதாம் படத்தைப் பற்றிக் கேட்காமல் திரும்ப முடியவில்லை. நான் ஒரு குழாய்த் திருகுக்காகப் போய் முக்கால் மணி நேரம் நின்றேன். "உன் ஓட்டு ஒன்பதுக்குத்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் திருகைக் கையில் கொடுத்தார். மனிதர் இளைத்துப் போயிருந்தார். யாரோ ஒருவருடைய படத்துக்காக இப்படி அலைகிறாரே, என்ன பெருந்தன்மை என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

இத்தனைக்குப் பிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை. சாலையில் நோலீன் எதிரே வந்தால் நேராகப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனார். அவரைப் பார்த்ததும் நோலீனின் முகமும் ஒரு மாதிரி கோணிக்கொண்டு போவதைக் கவனித்திருந்தார். கடைசியில் லோர்னா செய்த லாமிங்டன் கேக்கை ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு நோலீன் வீட்டுக்கே போய்விட்டார்.

நோலீன் ஜன்னலோரம் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார். நெவில் தட்டை மேசையில் வைத்தார். தொப்பியைக் கையில் திருகிக்கொண்டே நின்றார்.

"நோலீன், அந்த ஒன்பதாம் படம்..."

"யாருதுன்னு கேக்காதீங்க நெவில். நான் சொல்ல முடியாது."

"கேக்க மாட்டேன். விதி எனக்கும் தெரியும். ஆனா அந்தச் சீட்டைப் பத்தி நினைச்சா எனக்குத் தூக்கமே வரல. எழுதினவன் எவ்வளவு அவமானப்படறான்னு உங்களுக்குத் தெரியணும்."

நோலீன் ஊசியை நிறுத்தினார். "அப்படியா. அவருக்கு உண்மை தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுபோச்சு."

"அப்பாடா," என்றார் நோலீன். "எனக்கும் நெஞ்சுல இருந்து ஒரு பாரம் இறங்கினாப்பல இருக்கு. அந்தப் படம் ஒண்ணும் அவ்வளவு மோசமில்ல, நெவில். மனசை விட்டுடாதீங்க."

இவ்வளவு அடிபட்ட பிறகும் எனக்கல்லவா ஆறுதல் சொல்கிறாள் என்று நெவில் நினைத்துக்கொண்டார்.

"அது ஜெயிக்கணும் நோலீன். ஜெயிக்க வைக்கத்தான் ஒவ்வொருத்தரையா பாத்து ஓட்டுக் கேட்டுட்டு இருக்கேன்."

"நீங்களேவா?"

"நானேதான். பதினாலு பேர் சரின்னுட்டாங்க."

நோலீன் அவரை உற்றுப் பார்த்தார். "விஷயம் தெரிஞ்சப்புறமும் கேக்கறீங்களா?"

"தெரிஞ்சதுனாலதான் கேக்கறேன்."

"கொஞ்சம் அடக்கி வாசிங்க, நெவில். நல்லா இருக்காது."

"நல்லா இல்லாட்டிப் போகுது. இன்னொண்ணு. என் படத்த நீங்க போட்டியில இருந்து எடுத்துடுங்க. அது இருந்தா ஒன்பது ஜெயிக்காது."

நோலீன் எதையோ சொல்ல வாயெடுத்தார். முடியவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள்கள் மறுபடியும் குலுங்க ஆரம்பித்தன. பின்னல் நூலுருண்டை மடியிலிருந்து உருண்டு போனது. அதை எடுத்துக் கொடுக்கக்கூட நெவிலுக்குத் தைரியமில்லை. தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு வேலிக் கதவைத் திறந்து ஓடினார். எதைச் செய்தாலும் அந்தப் பெண் அழுகிறாள், தான் பிறந்ததே தப்பு என்று வழியெல்லாம் தன்னைத் திட்டிக்கொண்டே போனார்.

அடுத்த கூட்டம் மாதத்தின் முதல் சனிக்கிழமை மத்தியானம். மண்டபம் நிரம்பியிருந்தது. வழக்கமாக வராத லோர்னாவும் வந்திருந்தார். மெர்வின் அக்கா டாஃப்னி சங்கத்தில் உறுப்பினர் இல்லை, தேநீரும் ஸ்கோன் என்ற சின்ன ரொட்டியும் அவருடைய பொறுப்பு. அவரும் தட்டோடு சுவரோரம் நின்றிருந்தார்.

மீதிப் படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. பதினான்கு, பதினைந்து என்று இருபத்தாறு வரைக்கும் முடிந்தது. கலங்கரை விளக்கம் வரவேயில்லை. கேட்டபடியே எடுத்துவிட்டாள் என்று நெவில் புரிந்துகொண்டார். நியாயம்தான். ஆனாலும் அந்த மூன்று விடியற்காலைகளை நினைத்து அவருக்கு ஒரு நிமிடம் கண்ணைக் கரித்தது. இனி அடுத்த வருடம்தான். அறுபத்தெட்டு வயதில் அடுத்த வருடம் என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

ஓட்டெடுப்பில் பத்தொன்பது கைகள் ஒன்பதுக்கு உயர்ந்தன. நெவில் இரண்டு கைகளையும் தூக்கினார், மெர்வ் ஒன்றை இறக்கச் சொன்னார்.

"சரி, கோப்பை ஒன்பதாம் படத்துக்கு," என்றார் மெர்வ். "நோலீன், பட்டியலக் குடுங்க. இந்தப் புண்ணியவான் யாருன்னு பாத்துடுவோம்."

"ஒரு நிமிஷம்." நெவில் எழுந்து நின்றார். லோர்னா அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தார். நெவில் உட்காரவில்லை. "பேரை வாசிக்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். ஓட்டு முடிஞ்சுடுச்சு, இனி விதி குறுக்க நிக்காது. குடை வாங்கச் சொல்லி எழுதின அந்தக் கேவலமான சீட்டு என்னுது."

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நெவில் விடாமல் தொடர்ந்தார்.

"ஒரு மாசமா நான் மனுஷனா இல்ல. இந்தப் படத்துக்கு ஓட்டுப் போடச் சொல்லி உங்களையெல்லாம் நச்சரிச்சேனே, அது கலையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வெக்கம். ஒரு நல்ல பொம்பளைய எல்லார் முன்னாடியும் அழ வச்சேன். நோலீன், இது உங்களுக்குச் சேர வேண்டிய கோப்பை. என்ன மன்னிச்சுடுங்க. அன்னிக்கு நீங்க அழுதுட்டே சமையலறைக்குப் போனது என் கண்ண விட்டுப் போக மாட்டேங்குது."

பட்டியல் உறையைப் பிடித்திருந்த நோலீன் இன்னொரு கையால் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கியிருந்தன.

சுவரோரம் நின்ற டாஃப்னி ஸ்கோன் தட்டைக் கீழே வைத்தார்.

"அழுதாளா? நான்தானேப்பா அன்னிக்குச் சமையலறையில அவ பக்கத்துல நின்னேன். தான் அனுப்பின படத்தையே அடையாளம் தெரியாம ஒருத்தன் இப்படிக் கழுவி ஊத்தியிருக்கானேன்னு அவ சிரிச்ச சிரிப்புல புரையேறிப்போயி, முதுகுல தட்டித் தண்ணி குடுத்ததே நான்தான்."