சாம்பல்தீவில் இதயம் இடம் மாறிய சனிக்கிழமை

சனிக்கிழமை காலை ஏழரை பஸ்ஸில் சாம்பல்தீவுக்குப் போகிறவர்கள் இரண்டு வகை. வெறும் மீன்கூடையோடு இருப்பவர்கள் வீட்டுக்குப் போகிறவர்கள். பெரிய மண்ணிற உறையோடு இருப்பவர்கள் அருளம்பலத்திடம் போகிறவர்கள். 1978இல் பஸ்ஸை நிறைத்தது இரண்டாவது வகை.

உறைக்குள் எக்ஸ்ரே படம். பெரிய டாக்குத்தர்மார் படத்தை எடுப்பார்கள், கையில் தருவார்கள், அதில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லமாட்டார்கள். கேட்டால் உனக்கு விளங்காது என்பார்கள். அந்த விளங்காத இடத்தில்தான் அருளம்பலம் கொட்டில் போட்டார்.

வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போகும்வரை அங்கே ஆசுபத்திரி எக்ஸ்ரே அறை வாசலில் காவலுக்கு நின்றவர் அவர். கதவைத் திறந்து மூடிய காலத்தில் உள்ளே இருந்த விஞ்ஞானம் முழுவதும் கதவிடுக்கால் அவருக்குள் புகுந்துவிட்டதாம். மற்ற மந்திரவாதிகள் வெற்றிலையில் மை தடவிக்கொண்டிருக்க, இவர் காலத்தோடு போனார். ஒரு மரப்பெட்டி, முகப்பில் பால்கண்ணாடி, உள்ளே பெற்றோல்மாக்ஸ் விளக்கு. படத்தைச் சொருகுவார். கண்ணை மூடுவார். (படம் பார்க்கிறவர் ஏன் கண்ணை மூடுகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.) பிறகு சொல்லுவார். விலா எலும்பு என்றால் அது சூனியக்காரன் கட்டிய கயிறு. வெள்ளைப் புள்ளி என்றால், தம்பலகாமத்தாருக்கு முனி, கிண்ணியாக்காரருக்கு ஜின். அந்தக் கொட்டிலுக்குள் மட்டும் சாதி சமய பேதம் கிடையாது. ஏமாறுவதில் எல்லோரும் கூடப்பிறந்தவர்கள்.

றுக்கியாவும் நானும் ஐந்தாம் வகுப்புவரை ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள். கணக்கில் அவள் முதல், நான் இரண்டாவது. பிறகு அவளை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். நான் முதலாவதாக வந்தேன். அப்படியே பல்கலைக்கழகம் போய், விலங்கியல் பட்டத்தோடும் வேலை இல்லாமலும் திரும்பி வந்தேன்.

அவளுடைய மகள் ஸல்ஹாவுக்கு நாலு வயது. பிறந்த நாளிலிருந்து சளி. மூக்கு ஓயாது, இருமல் ஓயாது. ஊரிலுள்ள பரிகாரிமார் எல்லோரையும் பார்த்து முடித்து, கண்டியில் ஒரு குழந்தை வைத்தியரிடம் கொண்டுபோனாள். அவர் பிள்ளையின் நெஞ்சில் இடப்பக்கம் குழாயை வைத்தார், புருவத்தை உயர்த்தினார், வலப்பக்கம் வைத்தார். படம் எடுத்தார். பிறகு ஓர் அதிசயம் நடந்தது: தாயை உட்காரவைத்து விளக்கினார்.

பிள்ளையின் இதயம் பிறப்பிலேயே வலப்பக்கம். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அது ஓர் அடையாளம். மூச்சுக்குழாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் இருந்து சளியை மேலே கூட்டித் தள்ளும். இந்தப் பிள்ளைக்கு அவை அசைவதில்லை. பல்லாயிரத்தில் ஒன்றுக்கு வரும் நோய். முற்றாக மாற்ற ஏலாது. ஆனால் பிள்ளையை வளர்த்தெடுக்கலாம். காலையும் மாலையும் மடியில் தலைகீழாகக் கிடத்தி, உள்ளங்கையைக் குவித்து முதுகில் தட்டிச் சளியை இறக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் உடனே மருந்து. இருமலை மட்டும் ஒருநாளும் மறிக்கக் கூடாது. அந்த நெஞ்சுக்கு இருக்கிற ஒரே விளக்குமாறு இருமல்தான்.

இரண்டு மாதம் றுக்கியா தட்டினாள். பிள்ளை ஓடி விளையாடியது. ஒழுங்கைச் சனத்துக்குத்தான் பொறுக்கவில்லை. பெற்ற தாய் பச்சைப்பிள்ளையைத் தலைகீழாகப் போட்டு இரண்டு நேரமும் சாத்துகிறாளாம், அவளுக்குத்தான் ஏதோ பிடித்திருக்கிறதாம். அந்தக் கதை துறைமுகத்தில் மூட்டை இறக்கும் அவள் புருசன் முனாபின் காதுக்குப் போனது. அவன் உறையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

"இதயத்தை இடம் மாத்திப்போட்டாங்கள், தம்பி. உங்கட எதிரி பெரிய ஆள்" என்றார் அருளம்பலம். தனக்கு எதிரி என்று ஒருவன் இருப்பதே முனாபுக்கு அன்றுதான் தெரியும். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்திருக்கும்.

மூன்று சனிக்கிழமையில் இதயத்தை இடப்பக்கம் கொண்டுவருவாராம். கூலி, முனாபின் கைக்கடிகாரம். படம் அவரிடமே பூசையில் இருக்க வேண்டும். முதுகில் தட்டக் கூடாது. இருமவே கூடாது, ஒவ்வோர் இருமலுக்கும் இதயம் வழுக்கிவிடுமாம். இருமல் எழும்பினால் நாக்கில் வைக்க ஒரு கறுப்பு உருண்டை கொடுத்தார். அபினோ கஞ்சாவோ, பிள்ளை தூங்கியது.

றுக்கியா மறுத்துப் பார்த்தாள். புருசன், மாமியார், ஒழுங்கை: மூன்று வாக்கு ஒரு வாக்கை வென்றது. நான் போய்க் கத்தினேன். முனாப் மரியாதையாகக் கதிரை போட்டு, தேத்தண்ணீர் தந்து, ஒரு சொல்லையும் காதில் வாங்காமல் அனுப்பிவைத்தான்.

இருமல் நின்றது. ஒழுங்கை கொண்டாடியது. சளி நிற்கவில்லை, உள்ளே கிடந்து அழுகியது. மூன்றாவது கிழமை பிள்ளைக்கு நெருப்பாய்க் காய்ச்சல், உதடு நாவற்பழம் தின்றதுபோல். போகிற பேய் சூடு காட்டித்தான் போகும் என்று அருளம்பலம் சொல்லி அனுப்பினார்.

அந்தச் சனிக்கிழமை நானும் முனாபோடும் பிள்ளையைத் தூக்கிய றுக்கியாவோடும் பஸ் ஏறினேன். கொட்டில் வழிந்தது. அருளம்பலம் பட்டுத்துணியை விலக்கிப் படத்தைப் பெட்டியில் சொருகினார். மூன்று கிழமைக்கு முன் ஒரு பக்கம் சாய்ந்திருந்த வெள்ளை நிழல் இப்போது மறுபக்கம் சாய்ந்திருந்தது. சனம் கும்பிட்டது. முனாப் அழுதான்.

பழைய படம் எப்படி மாறும் என்று கேட்டேன். பிள்ளையும் படமும் ஒன்று, பிள்ளையில் மாறினால் படத்திலும் மாறும் என்றார். மூலையில் ஆசுபத்திரி இலக்கம் புரண்டு தெரியாமல் அந்த இடத்தில் ஓர் அப்பு சந்தனம். படத்தைப் புரட்டி வைத்திருக்கிறார் என்று சொல்லி, வலம் இடம் ஒளி நிழல் என்று படித்தது முழுவதையும் கொட்டினேன். முன்னால் இருந்த மீன்காரி பாக்கியரத்தினம் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பிள்ளை, படிச்ச திமிரை வீட்டில வைச்சிட்டு வந்திருக்கலாம்."

கொட்டில் சிரித்தது. அப்போதுதான் றுக்கியா எழும்பினாள்.

"அக்கா, அவ சொல்றதயும் விடுங்க, ஐயா சொல்றதயும் விடுங்க. உங்கட கையத் தாங்க."

ஸல்ஹாவின் சட்டைப் பொத்தானைக் கழற்றி, பாக்கியரத்தினத்தின் கையை நெஞ்சின் இடப்பக்கம் வைத்தாள். பாக்கியரத்தினம் அழுத்திப் பார்த்தாள். அருளம்பலத்தைப் பார்த்தாள். பிறகு கையைத் தானாகவே வலப்பக்கம் நகர்த்தினாள்.

"ஐயா, இஞ்சதானே துடிக்குது."

"வாற வழியில நிக்குது" என்றார் அவர். "விடியமுன்னம் வந்திடும்."

"வழியில நிக்கிறது படத்தில மட்டும் எப்பிடி வந்து சேந்திச்சு?" என்று றுக்கியா கேட்டாள்.

அவள் படத்தை உருவி, புரட்டிச் சொருகினாள். நிழல் பழைய பக்கம் போனது. மறுபடி புரட்டினாள். திரும்பி வந்தது.

"இதுக்கா எண்ட புள்ளய மூணு கிழமை இருமவிடாம வெச்சீங்க?"

கொட்டில் முழுவதும் உறைகள் சரசரத்தன. தம்பலகாமத்துக் கமக்காரர் ஒருவர் தன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் புரட்டினார். முனி மறுபக்கம் குடிபோனது. இன்னொரு முறை புரட்டினார், திரும்பி வந்தது. அவர் காறித் துப்பினார். பின்பக்கத் தென்னோலைக் கிடுகைப் பிரித்துக்கொண்டு அருளம்பலம் ஓடியபோது நாலைந்து பேர் விரட்டினார்கள்.

றுக்கியா அதைப் பார்க்கவில்லை. நிலத்தில் இருந்து, பிள்ளையை மடியில் தலைகீழாகக் கிடத்தித் தட்டத் தொடங்கினாள். வெகுநேரம் ஒன்றும் இல்லை. அவள் நிறுத்தவில்லை. பிறகு ஸல்ஹா இருமினாள். பச்சையாய்ச் சளி வந்தது, வந்துகொண்டே இருந்தது. பிள்ளையை அடிக்கிறாள் என்று இந்த முறை ஒருவரும் சொல்லவில்லை. பாக்கியரத்தினம் ஓடிப்போய் மீன் லொறியை மறித்தாள்.

ஸல்ஹா இருக்கிறாள். இருபத்திரண்டு நாள் ஆசுபத்திரியில் கிடந்து வந்தாள். காலையில் இப்போது முனாப்தான் தட்டுகிறான். ஒரு நுரையீரலின் அடிப்பகுதி இனி வேலை செய்யாது என்றார்கள். கைக்கடிகாரத்தைப் பொலிஸ் மீட்டுத் தந்தது. நுரையீரலை எந்தப் பொலிஸில் கேட்பது?

வேறோர் ஊரில் இப்போது ஒருவர் இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்துக் குறி சொல்கிறாராம். பஸ் நிரம்புகிறதாம். போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு உண்மையைக் கண்டுபிடிக்கப் பட்டம் தேவைப்படவில்லை. ஒரு மீன்காரியின் ஒரு கை போதுமாயிருந்தது. கும்பிடுவதற்குத்தான் இரண்டு கையும் வேண்டும். அவை ஒன்றுசேர முன்னம், ஒன்றை எடுத்துத் தொட்டுப் பாருங்கள்.