சுத்தியல் வைக்காத படம்

எங்கள் ஊரில் தோண்டினால் மண் வரும், இன்னும் தோண்டினால் தண்ணீர் வரும். கல் மட்டும் வராது. அந்த ஊரில் பிறந்தவள் ஜியாலஜி படித்தது குற்றமா? அந்த வருடம் கல்லூரியில் அதில்தான் இடம் கிடைத்தது.

வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். தெருவில் பாதி ஆண்கள் வளைகுடாவில் கட்டட வேலையில் இருந்தார்கள். “எம் பொண்ணும் மஸ்கட் போவுது, ஆபீஸ் வேலைக்கு!” என்று டீக்கடை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் அப்பா என்னைச் சென்னைக்கு இன்டர்வியூவுக்குக் கூட்டிப் போனார். (வேலை கிடைக்காமல் எப்படித் திரும்புவது?)

மேனேஜர் ஒரு படத்தை நீட்டினார். பாலைவனம். நடுவே கோடு போட்டதுபோல் நேரான பள்ளம். ஒரு கரை மேடு, மறு கரை தாழ்வு.

எங்கள் பக்கம் தானாக ஓடும் ஆறு நெளியும். நேராகப் போனால் அது மனிதன் வெட்டியது.

“வெட்டு வாய்க்கால் சார்.”

“யாரு வெட்டினது?”

(இங்கேயாவது வாயை மூடியிருக்கலாம்.)

“அந்த ஊர் பொதுப்பணித்துறையா இருக்கும். ஆனா தூர் வாரவே இல்ல சார். கல்லெல்லாம் சரிஞ்சு கிடக்கு. கடைமடைக்கு எப்படித் தண்ணி போகும்?”

அறையே சிரித்தது. ஒருவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஆயிரம் அடி ஆழம்மா இது!” என்றார் மேனேஜர். “நிலம் பிளந்து ஒரு பக்கம் கீழ இறங்கிடுச்சு. பிளந்த கோட்டுல பாறை நொறுங்கிக் கிடக்கும். மழைத்தண்ணி அதையே அரிச்சுட்டுப் போயிருக்கு. அதான் நேரா இருக்கு.”

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? பரீட்சையில் படம் வரைந்து பாகம் குறித்தவள் நான்! பாறையைப் படமெடுத்தால் அளவு தெரியப் பக்கத்தில் ஒரு சுத்தியலாவது வைக்க வேண்டும். முதல் வருடப் பாடம். வைக்காதவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தால்?

“சுத்தியல் எங்க சார்?” என்று கேட்டுவிட்டு எழுந்தேன். கதவை இழுத்தேன். அது தள்ளுகிற கதவு.

வெளியே அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முகம் சிவந்துவிட்டது. “ஆயிரம் அடின்னா? தூர் வார வேணாமா?”

பிறகு வேறொரு கம்பெனி மூலமாக மஸ்கட் போகத்தான் செய்தேன். அங்கே அதே மாதிரி ஒரு பள்ளத்தின் அடியில் நின்று, மேலிருந்து ஒருவரைப் படமெடுக்கச் சொல்லி அனுப்பினேன். அப்பா அதைக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். “பாறைதான் தெரியுது, பொண்ணு எங்க?” என்று வருபவர்கள் கேட்பார்கள். அப்பா ஒரு சின்னப் புள்ளியைத் தொட்டுக் காட்டுவார்.

“இந்தா, சுத்தியல் வைக்கிற எடத்துல நிக்குது பாருங்க!”