குலேந்திரன் அண்ணையின் சிபாரிசுக் கடிதம்

வாசகரே, சிபாரிசுக் கடிதக்காரர் என்றோர் இனம் உண்டு. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தால், அந்தக் காகத்தை அனுப்பியதே தாம்தான் என்பார்கள்.

சுவிஸின் வின்டர்தூர் நகரில் இந்த இனத்தின் தலைமகன் குலேந்திரன். பகலெல்லாம் ஹோட்டல் குசினியில் சட்டி கழுவுவார். வீடு வந்து கை துடைத்ததும் யாழ்ப்பாணத்துக் கல்லூரியொன்றின் பழைய மாணவர் சங்க சுவிஸ் கிளைத் தலைவராகிவிடுவார். கிளையில் மொத்தம் நாலு பேர். ஆனாலும் கடிதத் தாள் உண்டு, றப்பர் முத்திரை உண்டு, "இப்பிள்ளையைப் பிறந்தது முதல் அறிவேன்" என்று தொடங்கும் கம்பீரமான ஆங்கிலமும் உண்டு. ஊரில் பழைய மாணவர் ஒரு சொல் சொன்னால் பள்ளிக்கூட அதிபர் கதிரையை விட்டு எழும்புவாராம். சுவிஸ் பள்ளிக்கூட அதிபர் மட்டும் எழும்பமாட்டாரா?

ஒரு வருஷம் சொந்த மகள் பிரஷாந்தியே கிம்னாசியம் என்ற மேல்நிலைப் பள்ளிக்கு நுழைவுச் சோதனை எழுதினாள். அதைக் கோட்டை விட்டால் பல்கலைக்கழகக் கனவு அவ்வளவுதான். மனுசன் தவித்துப் போனார். பெற்றார் கூட்டத்தில் ஆசிரியை பேசிய டொச்சு மொழி பாதி விளங்கவில்லை. பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியாது. அவரால் முடிந்தது கடிதம் ஒன்றுதான். எழுதினார், இரண்டு இடத்தில் முத்திரை குத்தினார், தபாலில் போடச் சொல்லி மகளிடமே கொடுத்தார்.

பிரஷாந்தி பாஸ்!

"பாத்தியே, கடிதம் செய்த வேலையை?"

"அப்பா, கோவிக்காதேங்கோ. நான் அதைத் தபாலில போடவே இல்லை. அங்க ஒருத்தரும் கடிதம் பாக்கிறேல்லை, புள்ளிதான். அது என்ர பைக்குள்ளதான் கிடக்கு."

அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. பிள்ளை தன்பாட்டில் வென்றுவிட்டாளே என்ற பெருமை ஒரு பக்கம். தகப்பன் ஒன்றுக்கும் உதவவில்லையே என்ற துக்கம் மறுபக்கம்.

அடுத்த வெள்ளிக்கிழமை திரிம்பாக் கோயிலில் சிநேகிதர் சிவநேசன் ஓடிவந்தார். "அண்ணை, என்ர மகன் கஜீவனுக்கும் ஒரு கடிதம் எழுதித் தாங்கோ."

"ஓம், தாறன். ஆனா ஒண்டு." குலேந்திரன் குரலைத் தாழ்த்தினார். "தபாலில மட்டும் போட்டிடாதேங்கோ. பெடியன்ர பைக்குள்ள வைச்சு விடுங்கோ. எங்கட பிள்ளைக்கு அப்பிடித்தான் பலிச்சது."

சிவநேசன் பக்தியோடு தலையாட்டினார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் பிள்ளை கண்முழித்துப் படித்துப் பாஸானபோது, "நானும் ஓரிடத்தில ஒரு சொல்லுப் போட்டு வைச்சனான்" என்று ட்ராமில் நாலு பேர் கேட்கச் சொன்னது யார்? பக்கத்தில்தானே அந்தப் பிள்ளையும் நின்றது.